கொடி ஏற்றியதற்கு 15 ஆண்டு, கொன்றதற்கு மூன்றரை

ஃபிலெப் கர்மா இந்தோனேசிய அரசிடம் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். 2004 டிசம்பர் 1 அன்று, நியூ கினி தீவின் மேற்குப் பாதியில் இந்தோனேசிய ஆட்சியில் உள்ள மேற்கு பப்புவாவின் அபெபுராவில், திரிகோரா என்ற திடலில், நூற்றுக்கணக்கான மக்களோடு நின்று பப்புவா விடுதலையின் அடையாளமான விடிவெள்ளிக் கொடியை ஏற்றினார். கையில் ஆயுதம் இல்லை. வன்முறை கூடாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்தவர் அவர். அவர்மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அரசு வழக்கறிஞர் கேட்டது 5 ஆண்டுச் சிறை. நீதிமன்றம் விதித்தது 15 ஆண்டு.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 2001 நவம்பர் 10 அன்று, பப்புவா மக்களின் தலைவர்களில் ஒருவரான தேயிஸ் எலுவாய் கொல்லப்பட்டார். ராணுவச் சிறப்புப் படை அழைத்திருந்த ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நடந்தது அது. அவருடைய காரை ஓட்டியவர் காணாமல் போனார். பெரும் கண்டனம் எழுந்த பிறகு சிறப்புப் படையினர் 7 பேரை விசாரித்துத் தண்டித்தார்கள். அதில் அதிகபட்சத் தண்டனையே மூன்றரை ஆண்டுதான். அவர்களை வீரர்கள் என்று சொன்னார் அன்றைய தரைப்படைத் தளபதி.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். துணியில் வரைந்த ஒரு நட்சத்திரத்துக்கு 15. ஒரு மனிதரின் உயிருக்கு மூன்றரை. மேற்கு பப்புவாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

மேற்கு பப்புவா தனிநாடாக வேண்டுமா, இந்தோனேசியாவுக்குள்ளேயே இருக்க வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அது அந்த மண்ணின் மக்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் "எங்களுக்கு விடுதலை வேண்டும்" என்று வாயால் சொன்னதற்காக, கொடியைப் பிடித்ததற்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்று சொல்வதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். சித்திரவதை கூடாது என்று சொன்னாலே "நீ பிரிவினைவாதி" என்று முத்திரை குத்துகிறார்கள். மனித உரிமைக்காகப் பேசுகிறவர்களின் வாயை அடைக்க இதைவிட எளிதான வழி இல்லை.

சரி, அந்தக் கொடியின் கதைக்கு வருகிறேன். இடது பக்கம் சிவப்புப் பட்டை, அதில் ஒரு வெள்ளை நட்சத்திரம், மீதி முழுவதும் நீலமும் வெள்ளையுமாகக் கோடுகள். 1961 டிசம்பர் 1 அன்று அது முதன்முதலில் அதிகாரப்பூர்வமாக ஏற்றப்பட்டது. அப்போது அந்த நிலம் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. தன்னாட்சிக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று ஒரு மக்கள் அவையையும் அமைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே எல்லாம் மாறிவிட்டது. 1962 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கா நடுவில் நிற்க, நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் நியூயார்க்கில் ஓர் ஒப்பந்தம் போட்டன. அந்த மேசையில் பப்புவா மக்களுக்கு நாற்காலி இல்லை. சில மாதங்கள் ஐநா நிர்வாகம், பிறகு 1963 மே 1 முதல் இந்தோனேசிய ஆட்சி.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. வயது வந்த ஆண் பெண் எல்லாரும் பங்கேற்று, உலக வழக்கப்படி, தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிப்பார்கள் என்று எழுதியிருந்தது. 1969-ல் நடந்தது வேறு. சுமார் 8 லட்சம் மக்கள் வாழ்ந்த நிலத்தில், அதிகாரிகள் பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்களை மட்டும் ஊர் ஊராகக் கூட்டி, ராணுவம் சூழ நிற்க, கருத்துக் கேட்டார்கள். எல்லாரும் இந்தோனேசியாவோடு இருக்கிறோம் என்றார்கள், ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. ஆளுக்கொரு வாக்கு என்பது இந்த மக்களின் நிலைக்குச் சரிப்பட்டு வராது என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சுதந்திரத் தேர்வு'. அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று ஐநா பொதுச்சபை, 84 நாடுகள் ஆதரிக்க, 30 நாடுகள் ஒதுங்கி நிற்க, இதைக் 'குறித்துக்கொண்டது'.

"எங்கேயோ இருக்கிற பப்புவா பற்றி உனக்கென்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது சி. வி. நரசிம்மன் பற்றி. தமிழ்நாட்டிலிருந்து போய் ஐநாவின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றில் இருந்தவர். 1966-ல் எம். எஸ். சுப்புலட்சுமி ஐநா சபையில் பாடியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பலர் அவரை அப்படித்தான் அறிவார்கள். 60-களின் தொடக்கத்தில் பப்புவா கைமாறிய விவகாரத்தைக் கையாண்ட ஐநா அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் கழித்து, 2001-ல், ஒரு செய்தி நிறுவனத்திடம் அவர் மனம் திறந்தார். 1969-ல் நடந்தது வெறும் பூசி மெழுகல் என்றார். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இந்தச் சிக்கலைத் தலைமுழுக வேண்டும் என்ற மனநிலைதான் அன்று ஐநாவில் இருந்தது என்றும், அங்கே பல லட்சம் மனிதர்களின் அடிப்படை உரிமை மிதிபடுகிறதே என்று யாரும் நினைக்கவில்லை என்றும் சொன்னார். உள்ளே இருந்த ஒருவரே இப்படிச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு "அது முடிந்துபோன கதை" என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மக்களின் கருத்தைக் கேட்டது 1969-ல். ஆனால் அந்த மண்ணில் செம்பு வெட்டி எடுக்க ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு ஜகார்த்தா ஒப்பந்தம் போட்டது 1967-ல். வாக்களிப்புக்கு இரண்டு ஆண்டு முன்பே மலையை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பின்னால் அங்கே தோண்டப்பட்ட கிராஸ்பெர்க் சுரங்கம் உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று. அது இருக்கும் மலை அங்கே வாழும் அமுங்மே பழங்குடி மக்களுக்குப் புனிதமானது.

இந்தோனேசியாவின் 1945 அரசியல் சட்டத்தின் முன்னுரை எந்த வரியோடு தொடங்குகிறது தெரியுமா? விடுதலை எல்லா நாட்டு மக்களுக்கும் உள்ள உரிமை, ஆகவே உலகத்திலிருந்து காலனியாட்சி ஒழிக்கப்பட வேண்டும் என்று. நாட்டின் முதல் அதிபர் சுகர்னோவே டச்சுக்காரர்களின் சிறையில் இருந்தவர். கர்மாமீது போட்ட தேசத்துரோகப் பிரிவுகள், 106-ம் 110-ம், அந்த டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற சட்டப் புத்தகத்திலிருந்து வந்தவைதான். இந்தோனேசிய மொழியில் அதை 'மகர்' என்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லின் இடத்தில் முதலில் இருந்த டச்சுச் சொல்லின் பொருள் 'தாக்குதல்'. கொடி ஏற்றுவதும் பாடுவதும் ஊர்வலம் போவதும் எந்த விதத்தில் தாக்குதல் என்று பப்புவாவின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு வழக்கிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பாடியதற்கும்தான் தண்டனை. அர்னால்ட் ஆப் என்பவர் மானிடவியலாளர், செந்திரவாசி பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பப்புவா மொழிகளின் பாட்டுகளைத் திரட்டி, மம்பெசாக் என்ற குழுவோடு பாடினார். மக்கள் தங்களைத் தாங்களே மதிக்கத் தொடங்கினால் அது ஆட்சியாளர்களுக்கு ஆபத்து. 1983 நவம்பரில் அவரைப் பிடித்தார்கள். 1984 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தப்பி ஓடினார், சுட்டோம் என்றார்கள்.

இதெல்லாம் 1998 வரை ஆண்ட சர்வாதிகாரி சுகார்தோ காலத்துக் கொடுமை, இப்போது ஜனநாயகம் வந்துவிட்டது என்பார்கள். 2014 டிசம்பர் 8 அன்று பப்புவாவின் பனியாயில் கூடியிருந்த மக்கள்மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் 4 இளைஞர்கள் செத்தார்கள். அது மிக மோசமான மனித உரிமை மீறல் என்று அந்நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையமே சொன்னது. எட்டு ஆண்டு கழித்து நடந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஓய்வுபெற்ற ஒரே ஓர் அதிகாரி. அவரும் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு வந்த தேதி 2022 டிசம்பர் 8, அதே நினைவு நாள். அந்தத் தாய்மார்கள் அன்றைக்கு எப்படி விடிந்து எழுந்திருப்பார்கள்?

விடுதலை கேட்டு ஆயுதம் ஏந்திய பப்புவா குழுவைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது. 2018 டிசம்பரில் பப்புவாவின் மலைப்பகுதியான இண்டுகாவில் சாலை போட வந்த தொழிலாளர்களை அவர்கள் கொன்றார்கள். 2023 பிப்ரவரியில் நியூசிலாந்து விமானி ஒருவரைப் பிடித்து 19 மாதம் வைத்திருந்தார்கள். கூலிக்கு வந்தவரைக் கொல்வது விடுதலைப் போராட்டம் ஆகாது, அது கொலை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் சுட்டவனைத் தேடுகிறோம் என்று மலைக் கிராமங்களையே காலி செய்ய வைப்பதற்கு அது அனுமதிச் சீட்டும் அல்ல. 2018 டிசம்பருக்குப் பிறகு 60,000 முதல் 1,00,000 பேர்வரை வீடிழந்து ஓடியிருக்கிறார்கள் என்று ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர்கள் 2022 மார்ச்சில் சொன்னார்கள். அந்த மக்கள் தொகைக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை! பலர் காட்டுக்குள் போனார்கள், சமைக்க வழியில்லாமல், மருந்தில்லாமல்.

இவ்வளவு நடந்தும் உலகத்துக்கு ஏன் தெரியவில்லை? வெளியே சொல்கிறவர்களைத்தான் அரசு முதலில் பிடிக்கிறது. 2019 ஆகஸ்டில் ஜாவா தீவின் சுரபயா நகரில் பப்புவா மாணவர்களின் விடுதியைக் கும்பல் ஒன்று சூழ்ந்துகொண்டு "குரங்குகளே" என்று கத்தியது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி 43 மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த ஒரு சொல் பப்புவா முழுவதையும் தெருவுக்குக் கொண்டுவந்தது. அரசு என்ன செய்தது? பப்புவாவில் இணையத்தைத் துண்டித்தது. அது சட்டவிரோதம் என்று 2020 ஜூனில் ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, ஆனால் அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அந்த நாட்களில் சுரபயாவிலிருந்து படங்களையும் செய்திகளையும் வெளியே சொன்னவர் வெரோனிகா கோமன் என்ற இந்தோனேசிய வழக்கறிஞர். பப்புவாவைச் சேர்ந்தவர் அல்ல. அவர்மீதே தூண்டிவிட்டதாக வழக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட வேண்டியதாயிற்று. படிப்புக்குக் கொடுத்த உதவித்தொகை 77 கோடி ரூபியாவைத் திருப்பிக் கொடு என்று அரசு கேட்டது. 2021-ல் ஜகார்த்தாவில் அவருடைய பெற்றோர் வீட்டில் பொட்டலம் ஒன்று வெடித்தது. மனித உரிமைச் செயற்பாட்டாளர்களான ஹாரிஸ் அஸ்ஹர், ஃபாத்தியா மௌலிதியாந்தி இருவரும் பப்புவாவின் இன்டன் ஜெயா பகுதியின் தங்கத்துக்கும் அங்கே குவியும் ராணுவத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒரு காணொளியில் பேசினார்கள். அமைச்சர் ஒருவர் போட்ட அவதூறு வழக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கி, 2024 ஜனவரியில்தான் விடுதலை ஆனார்கள். பப்புவாவின் மூத்த பத்திரிகையாளர் விக்டர் மம்போர் வீட்டருகே குண்டு வெடித்தது. இவர்கள் யாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் இல்லை. பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்களின் சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் கர்மாவின் கதையை முழுவதும் பாருங்கள். உலகம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். அவரைச் சிறை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2011-ல் ஐநாவின் நிபுணர் குழு சொன்னது. சிறையில் உடம்பு முடியாமல் போனபோது, அந்த அழுத்தத்தால்தான் ஜகார்த்தாவுக்கு அழைத்துப்போய் மருத்துவம் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டு வெளியே வரும் வாய்ப்பு இருந்தும் அவர் மறுத்தார், ஏனென்றால் தப்புச் செய்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 நவம்பரில், தண்டனை முடிய நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே, திறந்துவிட்டார்கள். அதேபோல 2024 மார்ச்சில், தண்ணீர் நிரம்பிய பீப்பாய்க்குள் ஒரு பப்புவா மனிதரைக் கட்டி வைத்துச் சிப்பாய்கள் அடிக்கும் காணொளி வெளிவந்தது. முதலில் மறுத்த ராணுவம், பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது, 13 சிப்பாய்களைப் பிடித்து வைத்தது. அந்தக் காணொளி யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால்?

கர்மா 2022 நவம்பர் 1 அன்று ஜெயபுரா கடற்கரையில் இறந்து கிடந்தார். கடலில் மூழ்கியதாகச் சொன்னார்கள். குடும்பமும் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த நாள் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். எந்தக் கொடிக்காக அவரைச் சிறை வைத்தார்களோ, அது அவருடைய பெட்டிமேல் விரிந்திருந்தது.

பசிபிக் தீவு நாடுகளின் தலைவர்கள் 2019-ல் துவாலுவில் கூடி, ஐநா மனித உரிமை ஆணையர் பப்புவாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை விடுங்கள், இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவி போய்ச் சேர விடுங்கள் என்று பப்புவாவின் தேவாலயங்களும் வழக்கறிஞர்களும் கேட்கிறார்கள். இதைக் கேட்க எந்தக் கொடியையும் பிடிக்க வேண்டியதில்லை. டிசம்பர் 1 ஒவ்வோர் ஆண்டும் வருகிறது, அதோடு கைதுச் செய்திகளும் வருகின்றன. அன்றைக்கு அந்தப் பெயர்களைத் தேடிப் படியுங்கள். தமிழில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த பத்திரிகையாளர் ஒருவருக்காவது அனுப்புங்கள்.