எண்கள் இருக்கின்றன, எதன் எண்கள் என்பதுதான் இல்லை

சென்ற வாரம் ஒரு மாலைப் பொழுது முழுவதும் நாகர்கோவிலில் எங்கள் கல்லூரியின் கணினி அறையில், பன்னிரண்டு கோப்புகளின் முன்னால் கழிந்தது. மணக்குடிக் காயலோரத்திலிருந்து வந்து முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருவர், உப்பு ஏறிய மண்ணில் நெற்பயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைத் தன் ஆய்வுத் திட்டத்துக்கு எடுத்திருக்கிறார். அமெரிக்காவின் உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐ 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஜியோ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து, அதற்குப் பொருத்தமான மைக்ரோஅரே (மரபணுக்களின் செயல்பாட்டைச் சில்லில் அளக்கும் முறை) தரவுத் தொகுதி ஒன்றை அவர் இறக்கி வைத்திருந்தார். மாதிரிகளின் பெயர்கள் எஸ்1, எஸ்2, டி1, டி2 என்று போயின. திசு என்ற இடத்தில் 'செடி' என்று மட்டும் எழுதியிருந்தது. "சார், இதுல எது வேரு, எது இலைன்னு ஒண்ணும் மனசிலாவல்லியே" என்றார். எனக்கும் தெரியவில்லை.

எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு இது சிறிய சங்கடம் அன்று. மைக்ரோஅரே சில்லுகளை வாங்கவோ, அவற்றைப் படிக்கும் ஸ்கேனரை நிறுவவோ எங்களிடம் பணம் இருந்ததில்லை; உலகின் ஏதோ ஓர் ஆய்வகம் செலவு செய்து உருவாக்கிப் பொதுவில் வைத்த தரவுதான் எங்கள் ஆய்வகம். சில்லின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் மரபணுத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். சாயம் ஏற்றிய மாதிரி அவற்றோடு ஒட்டிக்கொள்ளும்போது எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்பதே அளவீடு. அந்த ஒளியின் எண், எந்த மாதிரியிலிருந்து, எந்தப் புள்ளியில், எந்த முறையில் சீராக்கப்பட்டு வந்தது என்பது கூடவே எழுதப்படாவிட்டால், அந்த எண்ணால் யாருக்கும் பயன் இல்லை.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1999 நவம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடியவர்கள் மைக்ரோஅரே தரவுக்கான எம்ஜிஇடி என்ற குழுவைத் தொடங்கினார்கள். அக்குழுவின் முயற்சியில் 2001 டிசம்பரில் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் 'மியாமே' என்ற விதித்தொகுப்பு வெளியானது. ஒரு மைக்ரோஅரே சோதனையை இன்னொருவர் புரிந்துகொள்ளக் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அது ஆறு தலைப்புகளில் சொன்னது: சோதனையின் வடிவமைப்பு, சில்லின் வடிவமைப்பு, மாதிரிகள், மாதிரியைச் சில்லோடு இணைத்த முறை, அளவீடுகள், சீராக்கம். என்ன எழுத வேண்டும் என்று சொன்ன மியாமே, எந்த வடிவக் கோப்பில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்; வாய்மொழித் தேர்வில் நான் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வியும் இதுதான்.

கோப்பு வடிவம் அடுத்து வந்தது. 2002இல் வெளியான மேஜ்-எம்எல், கணினிகள் தமக்குள் தரவைப் பரிமாற உதவும் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் அமைந்தது; தருக்க ரீதியாக அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் கையால் எழுத மனிதரால் ஆகாது, மென்பொருள் எழுதும் ஆளில்லாத ஆய்வகத்தால் அதைத் தொடவே முடியாது. தரநிலை வகுத்தவர்கள் கணினியை நினைத்த அளவுக்கு, இரவு பத்து மணிக்குத் தரவைப் பதிவேற்ற உட்காரும் ஆராய்ச்சி மாணவரை நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006இல் மேஜ்-டேப் வந்தபோதுதான் அந்தத் தவறு திருத்தப்பட்டது. இது தாவல் குறியால் பிரிக்கப்பட்ட வெறும் அட்டவணை. எந்த விரிதாள் மென்பொருளிலும் திறக்கும். ஆய்வின் தலைப்பு, பொறுப்பாளர், செய்முறைகள் ஆகியவை ஐடிஎஃப் என்ற கோப்பில். சில்லின் எந்தப் புள்ளியில் எந்தத் துண்டு என்பது ஏடிஎஃப் கோப்பில். மாதிரிக்கும் தரவுக் கோப்புக்கும் உள்ள உறவு எஸ்டிஆர்எஃப் கோப்பில்.

இந்த மூன்றில் உயிர்நாடி எஸ்டிஆர்எஃப் தான். ஒரு வரிசையை இடமிருந்து வலமாக வாசித்தால் ஒரு செடியின் கதை முழுதும் கிடைக்கும்: எந்த நெல், எத்தனை நாள் வயது, வேரா இலையா, அதிலிருந்து பிரித்தெடுத்த ஆர்என்ஏவின் பெயர், ஏற்றிய சாயம், பயன்படுத்திய சில்லு, கடைசியில் பிறந்த செல் (CEL) கோப்பின், அதாவது ஒளியின் எண்கள் அடங்கிய கோப்பின் பெயர், அதற்கும் வலப்புறத்தில் 'ஃபேக்டர் வேல்யூ' என்ற தலைப்பின் கீழ் உப்பா, சாதாரண நீரா என்ற விவரம். ஒரே செடியின் மாதிரி இரண்டு சில்லுகளுக்குப் போயிருந்தால் முதல் பத்தியில் (நெடுவரிசையில்) அதே பெயர் இருமுறை வரும். அதைப் பார்த்தவுடனே இவை தனித்தனிச் செடிகள் அல்ல, ஒரே செடியின் இரண்டு அளவீடுகள் என்று புரிந்துவிடும். புள்ளியியலில் இந்த வேறுபாடு தெரியாமல் போனால் முடிவே தலைகீழாகும்.

ஜியோவின் சொந்த வடிவமான சாஃப்டும் எளிய எழுத்துக் கோப்புதான். கூரைக் குறியில் தொடங்கும் வரி புதிய மாதிரியையோ தொடரையோ அறிவிக்கும், வியப்புக்குறியில் தொடங்குவது அதன் பண்பைச் சொல்லும். படிக்க எளிது. ஆனால் பண்பு என்ற இடத்தில் பதிவேற்றுபவர் தம் விருப்பப்படி எதையும் எழுதலாம் என்பதால்தான் 'செடி' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒருவர் தப்பித்துவிட முடிகிறது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து நிலப்பத்திரம் ஒன்று இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பு மலையாளத்தில் எழுதப்பட்டது. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கிறது. எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கே தோடு (ஓடை), மேற்கே புளிமரம் என்றிருக்கிறது. தோடு திசை மாறிவிட்டது, புளிமரம் விறகாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் நிலத்தை அடையாளம் காட்டுவது அதே பத்திரத்தில் உள்ள சர்வே எண் ஒன்றுதான். மேஜ்-டேப் கோப்பில் 'டெர்ம் சோர்ஸ்' என்ற பத்தி செய்யும் வேலை இதுவே. 'இலை' என்று எழுதுவதோடு நில்லாமல், எந்தக் கலைச்சொல் தொகுப்பில் எந்த எண் கொண்ட இலை என்று அது கேட்கிறது. நெல் என்று எழுதினால் போதாது. என்சிபிஐ வகைப்பாட்டில் 4530 என்று எழுதினால் உலகில் எந்த நிரலும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளாது.

விதி இருந்தும் நடைமுறை பின்தங்கியதற்குச் சான்று உண்டு. 2005, 2006 ஆண்டுகளில் நேச்சர் ஜெனடிக்ஸில் வெளிவந்த 18 மைக்ரோஅரே கட்டுரைகளை எடுத்து மீண்டும் கணக்கிட்டுப் பார்த்த குழு ஒன்று 2009இல் அறிவித்த முடிவு இது: இரண்டின் முடிவுகள் ஏறத்தாழ அப்படியே கிடைத்தன, ஆறு அரைகுறையாகக் கிடைத்தன, பத்து கிடைக்கவே இல்லை. தரவு கிடைக்காததே முதன்மைக் காரணம். கிடைத்தவற்றிலும் குறிப்புகள் முழுமையாக இல்லாதது குழப்பம் தந்தது. அதே ஆண்டில் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள், டியூக் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருப்பதையும், மருந்துக்குப் பணிந்த உயிரணுக்கள், பணியாதவை என்ற முத்திரைகள் இடம் மாறியிருப்பதையும் வெளிப்படுத்தினார்கள். அந்த ஆய்வுகளை நம்பி அதற்குள் நோயாளிகளிடம் மருத்துவப் பரிசோதனைகள் தொடங்கிவிட்டிருந்தன. ஒரு வரிசை நகர்வு!

எளிய அட்டவணைக்கும் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எக்செலில் திறந்தால் செப்ட்2 என்ற மனித மரபணு செப்டம்பர் 2 ஆகிவிடும் என்பது 2004லேயே எழுதப்பட்டது. 2016இல் பார்த்தபோது, எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் இப்படிச் சிக்கிய மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். அந்தப் பத்தியை எழுத்து வகையாகக் குறித்து இறக்குவது எப்படி என்று வகுப்பில் செய்து காட்டுகிறேன். அதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது.

இப்போது எல்லோரும் ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குப் போய்விட்டார்கள், பழைய சில்லுகளின் கோப்பு வடிவத்தை ஏன் கட்டி அழ வேண்டும் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சில்லுகள் பழையன ஆகலாம், எஸ்டிஆர்எஃப் ஆகவில்லை; 2021இல் புரதத் தரவுகளுக்கும் அதே வடிவம் நீட்டிக்கப்பட்டது. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் மதிப்பெண் முறையில் எண்களை நிறங்களாகக் காட்டும் வண்ண வண்ண வெப்பப்படத்துக்கு மதிப்பெண் உண்டு, மாதிரி அட்டவணைக்கு இல்லை. நூற்றில் பத்தையாவது அதற்கு ஒதுக்கினால் மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

அந்த மாலை நாங்கள் செய்தது இதுதான். இலையில் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ரூபிஸ்கோ நொதியின் மரபணுக்கள் கொழுந்துவிட்டு ஒளிரும், வேரில் மங்கிக் கிடக்கும் என்பதால் அவற்றின் எண்களைப் பார்த்தோம். ஆறு ஒரு பக்கமும் ஆறு மறுபக்கமுமாகப் பிரிந்தன. உப்பு எது, சாதாரண நீர் எது என்பதை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் உப்புக்கு எந்த மரபணு அசைகிறது என்பதே நாங்கள் தேடிவந்த விடை. செல் கோப்பின் தலைப்பு வரிகளை நோட்பேடில் திறந்தபோது ஸ்கேன் செய்த தேதிகள் தெரிந்தன: இரு வேறு நாட்கள். எஸ் எல்லாம் ஒரு நாள், டி எல்லாம் மறுநாள் என்றிருக்கவே, அவற்றில் எது உப்பு, எது சாதாரண நீர் என்றாலும், உப்பின் விளைவையும் நாளின் விளைவையும் பிரிக்க வழியில்லை என்று முடிவு செய்து அந்தத் தொகுதியை ஒதுக்கினோம். பதிவேற்றியவருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை.

மாணவி இப்போது மொட்டை மாடியில் 24 தொட்டிகளில் தாமே நெல் வளர்க்கிறார். விதைப்பதற்கு முன்பே எஸ்டிஆர்எஃப் அட்டவணையைத் திறந்து வரிசைகளை எழுதிவிட்டார். ஒரு பத்தியில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறோம். விதை கொடுத்த விவசாயி 'கட்டிச்சம்பா' என்றார், சாக்கில் 'கட்டைச்சம்பா' என்று எழுதியிருக்கிறது, இரண்டுக்கும் நாங்கள் தேடிய கலைச்சொல் தொகுப்புகளில் எண் இல்லை. இப்போதைக்கு இரண்டு பெயர்களையும், விதை வாங்கிய ஊரையும் தேதியையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி வைத்திருக்கிறார்.