சித்திரையில் பள்ளிக்கூடம் என்றால் முதலில் கூரையைப் பாருங்கள்

கோடை விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன என்று 2025 ஜூலை இறுதியில் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி கேட்டார். முடிவாகச் சொல்லவில்லை, விவாதத்துக்குத்தான் வைத்தார். மழைக்கு லீவு விட்டே வகுப்பு நாட்கள் போய்விடுகின்றன என்பது காரணம். ஆலப்புழைக்காரருக்கு அது நியாயமாகவே படும். எங்கள் வீட்டில் செய்தியை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ சித்திரை வெயில்ல புள்ளைங்க அந்த ஷீட்டுக்கு அடியிலயா உக்காரும்?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோவை மாவட்டம். கேரளம் என்றதும் உங்கள் மனதில் வரும் படகும் பச்சையும் இங்கே கிடையாது. கறுப்பு மண், பனை, தென்னந்தோப்பு, ஆழமாகிக்கொண்டே போகும் போர்வெல். மழை மறைவுப் பிரதேசம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். மகள் படிப்பது அரசு எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், தமிழ் மீடியம், நாலாம் கிளாஸ். எனக்கு வயரிங் வேலை. இந்தச் சுற்று வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றில் ஃபேன் மாட்டியிருக்கிறேன், மீட்டர் போர்டு மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன், வேறு தகுதி எதுவும் இல்லை.

எல்லை என்பது எவ்வளவு வேடிக்கை என்று 2023இல் பார்த்தோம். வெயில் தணியவில்லை என்று தமிழ்நாட்டில் பள்ளி திறப்பை இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். கடைசியில் ஆறாம் வகுப்புக்கு மேலே ஜூன் 12, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14. கேரளத்தில் வழக்கம்போல ஜூன் 1. அந்த வருடம் பருவமழை கேரளத்துக்கு வந்ததே ஜூன் 8ஆம் தேதி. பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை பிள்ளைகள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அதே வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சூரியனுக்கு செக்போஸ்ட் இல்லை. ஆனால் காலண்டர் திருவனந்தபுரத்தில் போடப்படுகிறது. அங்கே ஜூன் என்றால் குடை.

அடுத்த வருடம், 2024 ஏப்ரல் கடைசியில், பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது. வெப்ப அலை என்று அறிவித்தார்கள். மே 6 வரை கல்வி நிலையங்களை மூடச் சொல்லி மாநிலம் முழுக்க உத்தரவு வந்தது. விடுமுறைக் காலம் என்பதால் பிழைத்தோம், வகுப்பு நடந்த மாதமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2024இல் மட்டும் 85 நாடுகளில் 24.2 கோடி மாணவர்களின் படிப்பு மோசமான வானிலையால் தடைப்பட்டது என்று யுனிசெஃப் கணக்குச் சொல்கிறது. அதில் முதல் காரணம் வெப்ப அலை, அதிகம் பாதித்த மாதம் ஏப்ரல். வகுப்பு வைக்கலாமா என்று நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பதும் அதே மாதத்தைத்தான்.

சரி, கூரைக்கு வருவோம்.

போன மார்ச்சில் மகள் பள்ளியில் பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஷீட் போட்ட அறை. ஃபேன் நன்றாகவே சுற்றியது, நான் மாட்டியதுதான். ஆனால் காத்து தலையில் வெந்நீர் ஊற்றுவதுபோல இறங்கியது. பையில் மல்டிமீட்டர் இருந்தது, அதோடு வரும் வெப்பநிலை வயரை ஷீட்டின் அடிப்பக்கம் ஒட்டவைத்துப் பார்த்தேன். மதியம் 2 மணிக்கு 54 டிகிரி. ஃபேன் செய்கிற வேலை, அந்தச் சூட்டைப் பிடித்துப் பிள்ளைகள் தலைமேல் தள்ளுவது. "இன்னும் ரெண்டு ஃபேன் போடலாமா தம்பி?" என்று ஹெச்.எம். டீச்சர் கேட்டார். எனக்குக் கூலி கிடைக்கிற வேலை. வேண்டாம் டீச்சர் என்றுதான் சொன்னேன்.

பள்ளிக்கூரைகளில் ஷீட் எப்படி வந்தது என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஓலைக் கூரைகளை எடுக்க வைத்தார்கள். எடுத்தது சரிதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஓலை போன இடத்தில் பல பள்ளிகளில் வந்தது ஷீட். தீ பயம் போயிற்று, சூடு வந்தது.

எங்கள் பக்கம் ஓலைக்குப் பதில் ஓடு இருந்தது. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள், பின்னால் பாலக்காட்டிலும் ஒன்று நடத்தினார்கள். உயரமான கூரை, ஓட்டுக்கு ஓடு சந்து வழியாகச் சூடு வெளியேறும், சுற்றிலும் வராந்தா, சுவரில் வெயில் படாது. நான் படித்த பள்ளி அப்படித்தான் இருந்தது. மத்தியானம் தூக்கம் வரும், தலைவலி வராது. இப்போது அதை இடித்துவிட்டு கான்கிரீட் கட்டிடம் எழுப்பியிருக்கிறார்கள். டைல்ஸ், புரொஜெக்டர், கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் புரொஜெக்டரில் படம் தெரியாது, மூடினால் மூச்சு முட்டும்.

ஏன் இடித்தார்கள்? பழசு பிடிக்காமல் இல்லை. ஓட்டுக் கட்டிடத்துக்கு வருடா வருடம் ஆள் ஏறி ஓடு மாற்ற வேண்டும், ஓட்டைத் தாங்குகிற மரக் கழுக்கோலில் கறையான் பார்க்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன் எஞ்சினியரிடம் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் வாங்க வேண்டும். கட்டுவதற்குப் பெரிய தொகை ஒரே தடவை வரும், கல்வெட்டில் பேரும் வரும். ஓடு மாற்றுகிற சின்னத் தொகைக்கு எந்தத் தலைப்பிலும் காசு இருக்காது. பராமரிப்புக்குக் காசு இல்லாத இடத்தில் எல்லோரும் கான்கிரீட்டைத்தான் விரும்புவார்கள். நானும் விரும்பியிருப்பேன்.

இதே நோய்தான் சோலாருக்கும். ஒரு பள்ளியில் பேட்டரியோடு சோலார் வைத்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டபோது பேட்டரியில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் இல்லை, தகடு எல்லாம் வெளுத்துக் கிடந்தது. யார் ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. இப்போது பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்க்கிற சோலார் வருகிறது. பள்ளிக்கு அது பொருத்தம்தான். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட், பள்ளி ஓடுவதும் பகலில், விடுமுறையில் மிஞ்சுவது லைனுக்குப் போகும், பேனல் நிழலில் மொட்டை மாடியும் கொஞ்சம் ஆறும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்: கரண்ட் போனால் அந்த சோலாரும் நின்றுவிடும், லைன்மேனுடைய பாதுகாப்புக்காக. இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டுப் போனால், "சோலார் இருந்தும் ஃபேன் ஓடலியே" என்று டீச்சர்கள் கேட்பார்கள். அதோடு அதன்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பகுதிக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை. கோக்க கோலா ஆலையை எதிர்த்து மயிலம்மா நிலத்தடி நீருக்காகப் போராடிய ஊர். சித்தூர்ப் புழைக்கு வருகிற தண்ணீர்கூட தமிழ்நாட்டோடு போட்ட ஒப்பந்தத் தண்ணீர், பரம்பிக்குளம்-ஆழியாறு கணக்கில் மணக்கடவு தடுப்பணையில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூரையில் விழுகிற மழை சாக்கடைக்குப் போகிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் லிட்டர். வழியில் சேதாரம் ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 1,60,000. 120 பிள்ளைகள் ஆளுக்கு 2 லிட்டர் குடித்தால் 200 நாளுக்கு 48,000 லிட்டர்தான் ஆகும். மீதி கக்கூசுக்கு.

கக்கூஸ் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' வந்தது. காலையும் மதியமும் மணி அடிப்பார்கள், ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் என் மகள் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். ஏன் பாப்பா குடிக்கல என்று கேட்டால் முதலில் பதில் வராது. அவள் அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது, கக்கூஸில் தண்ணீர் வராது, அதனால் பெண் பிள்ளைகள் குடிப்பதே இல்லை. மணி அடிக்கிறது, பிள்ளைகள் வாயை நனைத்துவிட்டு பாட்டிலை மூடுகிறார்கள்.

மழைநீர்த் தொட்டி அந்தப் பள்ளியில் இல்லாமல் இல்லை. பெரிய தொட்டி, திறப்பு விழா நடந்தது. முதல் மழை அழுக்கை வெளியே விடுகிற குழாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் நாறியது, மூடிவிட்டார்கள். குழாயின் மூடியைக் கழற்றிக் கழுவ அரை மணி நேரம் போதும்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு நடுகிற மரக்கன்று பற்றி நான் எழுதினால் சண்டை வரும், சுருக்கமாக முடிக்கிறேன். ஜூனில் நட்ட கன்று மார்கழி, தை மாதத்துக் கிழக்குக் காத்தில் காய்ந்து, ஏப்ரல்-மே விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் செத்துப்போகும். அடுத்த ஜூனில் அதே குழியில் வேறு கன்று, வேறு போட்டோ. பூவரசுக் கிளையில் போத்து நாலு வெட்டி மேற்குச் சுவர் ஓரம் நட்டு, சமையல்கார அக்கா பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாலே போதும்.

மலைப் பக்கத்துத் தமிழர்களுக்குப் பிரச்சினை வேறு. 2020 ஆகஸ்ட் 6இல் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் போனபோது 70 பேர், எல்லாம் நம் ஆட்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் வெள்ளார்மலைப் பள்ளியே சிதைந்தது, அந்தப் பிள்ளைகளை மேப்பாடிக்கு மாற்றி வகுப்பு நடத்தினார்கள். அங்கே பள்ளி எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எங்களுக்குக் கூரை. வெள்ளம் தேங்குகிற குட்டநாட்டுக்குத் தரை எவ்வளவு உயரம் என்பது. மூன்றுக்கும் ஒரே பிளான், ஒரே காலண்டர் என்றால் ஏதோ ஒரு ஊர்ப் பிள்ளை அவதிப்படத்தான் செய்யும். விடுமுறையை மாற்றுவதானால் மாவட்டம் பார்த்து, ஏன், தாலுகா பார்த்து மாற்றுங்கள். எங்களுக்கு ஜூன், ஜூலை மாதங்கள்தான் படிக்க நல்ல மாதங்கள். சாரல், காத்து, அவ்வளவுதான்.

போன மாதம் என் கடை ஷீட்டில் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட் அடித்தேன். கோவைப் பக்கம் நிறையப் பேர் செய்வதுதான். அதே மல்டிமீட்டரில், கடைக்குள்ளே மத்தியானச் சூடு 3 டிகிரி குறைந்தது. மழை கழுவிவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். பள்ளிக்கும் அடித்துத் தருகிறோம், சாமான் செலவு மட்டும் பி.டி.ஏ. தரட்டும், ஷீட்டில் மிதிக்காமல் பலகை போட்டு ஏற ஆள் இருக்கிறது என்று மனு எழுதிக் கொடுத்தேன். கூடவே தொட்டிக் குழாயையும் சுத்தம் செய்துவிடுகிறோம் என்று சேர்த்தேன்.

டீச்சருக்குச் சம்மதம்தான். ஆனால் அரசுக் கட்டிடம், மேலே கேட்காமல் கை வைக்க முடியாது. மனுவைத் தமிழில் எழுதியிருந்தேன். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் கொடுக்கலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. "இருக்கட்டும் தம்பி, மலையாளத்துல ஒரு காப்பி வச்சிரு, ஃபைல் சீக்கிரம் நகரும்" என்றார். நேற்று ராத்திரி மகள் உட்கார்ந்து எழுதினாள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுதினால் டீச்சர் சிரிப்பார். 'சுண்ணாம்பு' வரைக்கும் வந்திருக்கிறாள்.