அட்வான்ஸ்ல கழிச்சுக்கணுமாம்!

காலைல ஏழு மணிக்கு எங்கப்பா மாடி ஏறிப் போறாரு. முட்டி தேஞ்ச மனுஷன், பதினெட்டு படி, கைப்பிடிய புடிச்சு புடிச்சு. சொந்த வீட்டுக்கு வாடகை கேக்க. பாதிக் கதவ தொறந்துகிட்டு வாயில பிரஷ்ஷோட மாடில குடியிருக்குற ஆளு சொல்றான், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கய்யா". எந்த அட்வான்ஸ்டா? குடுத்தது 30,000, வாடகை 9,000, ஏழு மாசமா பைசா வரல, 63,000 ஆச்சு, அட்வான்ஸ் நாலாவது மாசமே காலி. அப்பா இத விரல் விட்டு எண்ணிச் சொல்லிட்டிருக்காரு, அவன் வாய் கொப்புளிக்க உள்ள போயிட்டான், இவரு அப்படியே நிக்கிறாரு, துண்டால தொடச்சுகிட்டே வந்து "அடுத்த மாசம் பாப்போம்"னு கதவ சாத்திட்டான். கீழ வந்தா போர்ட்டிகோல அவனோட புது பைக். மாலை கூட வாடல. பூஜைக்கு டயருக்கடியில வச்சு நசுக்குன எலுமிச்சம்பழம் எங்கம்மா போட்ட கோலத்து மேல கெடக்கு. வயிறு எரியுது எனக்கு.

அந்த மாடி அப்பாவோட பிஎஃப் காசு. மாத்திரை வாங்குறதே அந்த வாடகைலதான்.

ஆளாளுக்கு ஐடியா வேற. ஃப்யூஸ புடுங்கு, தண்ணிய நிறுத்து, பூட்ட மாத்துன்னு. செஞ்சுட்டா மாட்டுறது நாமதான்யா! 2017ல வந்த வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரிலேர்ந்து அமல்ல இருக்கு, தண்ணி கரண்ட்ட நிறுத்தக் கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. சரி, அது நியாயம்தான், மேல சின்னப் புள்ளைங்க இருக்கு. ஆனா எங்களுக்கு என்ன வழி? ரெண்டு மாச வாடகை பாக்கின்னா நோட்டீஸ் அனுப்பணும், ஒரு மாசம் டைம் குடுக்கணும், அப்பவும் கட்டலன்னா வாடகை கோர்ட்டு. வக்கீல் கேட்ட மொத கேள்வி, "அக்ரிமென்ட்ட பதிஞ்சீங்களா?" பதினோரு மாசம்தானே, பதிய வேணாம்னு ஊரே சொல்லுச்சு, பத்திரத்துல கையெழுத்து வாங்கி பீரோவுல வச்சிருக்கோம். இந்தச் சட்டத்துல எத்தன மாசமா இருந்தாலும் எழுதிப் பதியணுமாம். வாடகைக்கு விடுறவங்க தயவுசெஞ்சு மொத வேலையா இதச் செஞ்சுடுங்க.

நோட்டீஸ் நாளைக்குப் போகுது.

அந்த புரோக்கர நெனச்சாதான் இன்னும் ஆத்திரமா வருது. "தங்கமான ஃபேமிலி சார், கண்ண மூடிட்டு குடுங்க"ன்னு சொல்லி ஒரு மாச வாடகைய கமிஷனா சுளையா வாங்கிட்டுப் போனான். காலைலேர்ந்து ஆறு தடவ அடிச்சுட்டேன், ஃபுல் ரிங் போகுது, எடுக்கவே மாட்டேங்கறான்!