தியேட்டரைக் கொல்வது பாகப்பிரிவினை

பழைய தியேட்டர் ஒன்றை இடிக்கிற போட்டோ வந்துவிட்டால் போதும், அன்றைக்கு முகநூல் முழுக்க எழவு வீடுதான். 'இங்கேதான் முதல் படம் பார்த்தேன்', 'இடைவேளை முறுக்கு', கூடவே உடைந்த இதயம் ஒன்று. கீழே கமெண்டில் ஒரு நியாயவான் வருவார்: எல்லாரும் ஓடிடி பார்த்தா தியேட்டர் எப்படிங்க நிக்கும்? இந்த இரண்டு தரப்போடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

சின்ன ஊர்களில் மூடிக்கிடக்கும் தியேட்டர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள். மில்லிலோ மண்டியிலோ காசு பார்த்த ஒருவர் ஐம்பதுகளில் அறுபதுகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக இடம் வாங்கிக் கட்டியிருப்பார், மகன்கள் நடத்தியிருப்பார்கள், பேரன்கள் காலத்தில் பத்திரத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்குக் கடன், ஒருவருக்கு மகள் கல்யாணம். தியேட்டரை ஏழாக வெட்ட முடியாது, மனையை வெட்டலாம். படம் ஓடவில்லை என்பது கூடுதல் காரணம், அவ்வளவுதான். தினமும் நான்கு காட்சி நிறைந்தாலும் அதே இடத்தில் ஒரு ஜவுளிக்கடை தரும் வாடகைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் விற்கிற ஓனரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வீட்டுச் சொத்தாக இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

கோவை டிலைட் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலையை விட்டுவிட்டு, 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கட்டிய வெரைட்டி ஹால்தான் பிற்பாடு டிலைட் ஆனது. தென்னிந்திய சினிமாவின் தொடக்க வரலாறு எழுதுகிற யாரும் அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போக முடியாது. நூறு வருஷம் கடந்து நின்றதை 2023இல் இடித்துவிட்டார்கள். தெருவுக்கு மட்டும் இன்னும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்த இடத்தில் இன்று புடவை விற்கிறார்கள்.

ஆனால் டிலைட்டுக்கு ஒரு வருஷம் மூத்தது ஒன்று பிழைத்திருக்கிறது தெரியுமா? சென்னை அண்ணா சாலையில் 1913இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர். இரண்டே வருஷத்தில் தபால் துறை அதை வாங்கிக்கொண்டது, இன்றைக்கு உள்ளே தபால்தலை விற்கிறார்கள். யாரும் உருகி உருகிக் காப்பாற்றவில்லை. பேரன்கள் பங்கு போட முடியாத கைக்குப் போனது, உள்ளே தினமும் வேலை நடந்தது, அதனால் நிற்கிறது.

இதே விஷயத்தைத் தெரிந்தே செய்த ஊர் ஒன்று ஸ்காட்லாந்தில் இருக்கிறது, கேம்பல்டவுன். ஐயாயிரம் பேர்கூடத் தேறுமா என்கிற ஊர், நிலத்தின் கடைக்கோடி, ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு விஸ்கி காய்ச்சிவிட்டு இப்போது ஒரு சில ஆலைகளோடு நிற்கிறது. அங்கே 1913இல் கட்டிய பிக்சர் ஹவுஸ் தியேட்டர் 1986இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் சேர்ந்து 1989இல் திறந்தார்கள். தனியார் கையில் இல்லை, ஊர் அமைப்பின் சொத்து. அப்புறம் பொதுக் காரியங்களுக்கு அங்கே கொடுக்கும் லாட்டரி நிதி, அது இது என்று சுமார் 35 லட்சம் பவுண்டு திரட்டிச் சீரமைத்து 2017 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். திரைக்கு இரண்டு பக்கமும் குட்டி வீடுகள் மாதிரி கட்டியிருப்பார்கள், அதைப் பழையபடி சரி செய்தார்கள். எனக்குப் பிடித்தது வேறு. பழைய ஹாலை இரண்டாக வெட்டாமல் பக்கத்தில் இன்னொரு சின்னத் திரையும் கட்டினார்கள். ஒரே ஒரு திரையை வைத்துக்கொண்டு புதுப்படமும் போட்டு, பழைய படமும் போட்டு, வரவு செலவு பார்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'இங்கே அதெல்லாம் நடக்குமா' என்பீர்கள். நம் நகராட்சிகள் கலையரங்கம் என்று கட்டிவிட்டு வருஷத்தில் பாதி நாள் பூட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பணத்தில் மூடிக்கிடக்கும் ஒரு தியேட்டரை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். குடும்பத்துக்கு மாதாமாதம் வாடகை, அதைப் பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. பகலில் பள்ளி ஆண்டு விழா, நாடகம், சாயங்காலம் படம். ஜிஎஸ்டிக்கு மேல் உள்ளாட்சி வாங்கும் கேளிக்கை வரியை இப்படிப்பட்ட பழைய ஒற்றைத் திரைகளுக்காவது விட்டுக்கொடுத்தால், ஓடிக்கொண்டிருப்பவை மூச்சு விடும்.

சீரமைப்பு என்றால் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம் சாமி. தரை டிக்கெட் கவுண்டர் போகும் அந்தக் குகையும் அதன் வாடையும் பாரம்பரியம் இல்லை, தைரியமாக இடிக்கலாம். பெண்கள் கழிப்பறையைப் புதிதாகவே கட்டுங்கள். விடக்கூடாதது முகப்பு, பால்கனிப் படிக்கட்டு, அப்புறம் ஆபரேட்டர் அறை. எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்த அறையை எட்டிப் பார்த்திருக்கிறேன். படத்துக்கு வெளிச்சம் தர இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நின்று எரியும், ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து இடைவெளியைத் திருகிக்கொண்டே இருப்பார், கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். எரிந்து முடிந்த துண்டுக் கார்பனுக்குப் பையன்களிடம் அடிதடி. டிஜிட்டல் வந்தபின் அந்த மெஷின்கள் பல ஊர்களில் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போயின.

உங்கள் ஊரில் பூட்டிக் கிடப்பது ஏதாவது இருந்தால் முதலில் கூரையைப் பாருங்கள். ஷீட் உடைந்து ஒரு மழைக்காலம் தண்ணீர் உள்ளே இறங்கினால் மர சீலிங்கும் பால்கனித் தளமும் வீணாகும், அப்புறம் 'ஆபத்தான கட்டடம்' என்று நோட்டீஸ் ஒட்டுவது ரொம்பச் சுலபம். வாங்குகிறவர்கள் பல நேரம் அந்த நோட்டீஸுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். நினைவுப் பதிவு போடும் நேரத்தில் வார்டு கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கூரையைக் காட்டுங்கள், ஐப்பசிக்கு முன்னால்.