பென்டிரைவுக்கு வழிவிடாத புதுக் கணினிகள்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவது எளிதான வேலை. அது எளிது என்பதை நன்றாக அறிந்திருப்பதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, அது பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்து, ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருளைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிவிட்டால், அதன்பின் நிறுவி கேட்பதெல்லாம் மொழி, விசைப்பலகை, ஊர் நேரம், எந்த வட்டில் எவ்வளவு இடம், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவை மட்டுமே. வேகமான எஸ்எஸ்டி வட்டு உள்ள கணினியில் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த முதல் திரையைக் கண்ணால் பார்ப்பதற்குள், கணினியைத் தயாரித்தவர்களும் அதனோடு விண்டோஸைச் சேர்த்துக் கட்டி விற்பவர்களும் வழிநெடுகப் போட்டு வைத்திருக்கும் தடைகளில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் கரைந்துபோகிறது. உறவினர், நண்பர், பக்கத்து வீட்டார் என்று யார் புது லேப்டாப் வாங்கி லினக்ஸ் கேட்டாலும் அந்த வேலை என்னிடம்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு புது மாடலிலும் இந்தத் தடைகள் கூடிக்கொண்டே போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்துப் போயிருக்கிறது.

முதலில், பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குவதற்கு எந்த விசையை அழுத்த வேண்டும் என்ற சாதாரணக் கேள்விக்கே விடை கிடைப்பதில்லை. ஒரு நிறுவனத்துக்கு எஃப்12, இன்னொன்றுக்கு எஃப்9, மற்றொன்றுக்கு எஸ்கேப், வேறொன்றுக்கு ஊசி முனையால் குத்த வேண்டிய ஒரு துளை. பெட்டிக்குள் வாரண்டி நிபந்தனைகளைப் பல மொழிகளில் பொடி எழுத்தில் அச்சிட்டு வைக்கிறவர்களுக்கு, இந்த ஒரு வரியை அச்சிட மனம் வரவில்லை. விசை தெரிந்தாலும் போதாது. வேகமாகத் தொடங்க வேண்டும் என்ற பெயரில் ஃபாஸ்ட் பூட் இயக்கத்தில் இருப்பதால், சில கணினிகள் விசை அழுத்தப்படுவதைக் கவனிக்கக்கூட நேரம் ஒதுக்காமல் நேராக விண்டோஸுக்குள் பாய்கின்றன. சில மாடல்களில், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவையே அணைத்து வைத்து அனுப்புகிறார்கள். இன்னும் சிலவற்றில், தொடக்கத்தில் எந்த நிரலை அனுமதிப்பது என்று காவல் காக்கும் செக்யூர் பூட் அமைப்பு மங்கலாகத் தெரியும். அதன்மேல் நகரவே முடியாது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்கு ஒரு மேற்பார்வையாளர் கடவுச்சொல்லை முதலில் அமைத்தால்தான் அந்த வரி உயிர்பெறும். இந்த விவரத்தை அந்தத் திரையில் எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முன்பின் பழக்கமில்லாத ஒரு கல்லூரி மாணவர் இந்த இடத்திலேயே சோர்ந்துபோய், லினக்ஸ் தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார். அவர் இன்னும் லினக்ஸைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

செக்யூர் பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே கணினி தொடக்கத்தில் இயக்கும் என்பது இதன் அடிப்படை. கருத்தளவில் நல்ல ஏற்பாடுதான். யாருடைய கையொப்பத்தை நம்புவது என்பதைக் கணினியின் உரிமையாளர் தீர்மானித்தால் நானும் அதை மனமார வரவேற்பேன். ஆனால் 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் முத்திரையோடு விற்கப்படும் கணினிகளில் செக்யூர் பூட் இயக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வகுத்தது. ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் சாவிகள் குடியேறின. லினக்ஸ் தரப்பினர் வேறு வழியின்றி, ஷிம் என்ற சிறிய நிரலை எழுதி, மைக்ரோசாஃப்ட்டின் ஏற்பாட்டில் 99 டாலர் செலுத்திக் கையொப்பம் வாங்கி, அதன் வழியாகத் தங்கள் இயங்குதளத்தைத் தொடங்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். போட்டி நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமல் ஓர் இயங்குதளம் செக்யூர் பூட் இயங்கும் புதுக் கணினியில் எழுந்து நிற்க முடியாது என்பதை உலகம் எப்படி இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது நமக்குச் சொல்லப்பட்ட ஆறுதல், இன்டெல், ஏஎம்டி கணினிகளில் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதி கட்டாயம் இருக்கும் என்பது. ஆர்ம் வகைச் சில்லு கொண்ட கணினிகளுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை; அவற்றில் அணைக்கவே கூடாது என்பது அன்றைய விதி. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது, அணைக்கும் வசதியைத் தருவதும் தராததும் தயாரிப்பாளரின் விருப்பம் என்று அந்த வாக்குறுதியும் கைவிடப்பட்டது. 2022-ல் இன்னொரு படி மேலே போய், செக்யூர்டு கோர் என்ற வகைக் கணினிகளில், லினக்ஸின் ஷிம்முக்குக் கையொப்பமிடப் பயன்படும் சான்றிதழே முதலில் ஏற்கப்படாத நிலையில் வரத் தொடங்கியது. பயாஸுக்குள் நுழைந்து நாமே அதை அனுமதித்தால்தான் பென்டிரைவ் வேலை செய்யும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, விண்டோஸையும் லினக்ஸையும் ஒன்றாக வைத்திருந்த பலரின் கணினிகளில் லினக்ஸைத் தொடங்கவிடாமல் செய்தது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு அந்த மாற்றம் போகாது என்று அறிவித்துவிட்டுத்தான் அதை அனுப்பினார்கள். பல மாதங்கள் கழித்து, 2025 மே மாதத்தில்தான் அதற்கு முறையான தீர்வு வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழி லினக்ஸின்மேல் விழுந்தது.

இவ்வளவும் பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அந்தப் பாதுகாப்பு எப்படிக் காக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில், செக்யூர் பூட் முழு இயக்கத்தில் இருந்த விண்டோஸ் 11 கணினிகளிலேயே அதைத் தாண்டிப் புகும் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரலை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2024 ஜூலையில் பிகேஃபெயில் என்ற பெயரில் வெளிவந்த ஆய்வு, பல முன்னணி நிறுவனங்களின் 200-க்கும் மேற்பட்ட மாடல்களில், செக்யூர் பூட்டின் தலைமைச் சாவியாக, சோதனைக்கென்று தயாரிக்கப்பட்ட சாவியே வைத்து விற்கப்பட்டதைக் காட்டியது. அந்தச் சாவியின் பெயரிலேயே ‘நம்பாதே’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துப் பார்த்து மாற்றக்கூட அக்கறை இல்லாதவர்கள், என் மேசையில் இருக்கும் என் கணினியில் நான் சரிபார்த்துத் தயாரித்த பென்டிரைவை நம்ப மறுக்கிறார்கள். இதைவிட ஒரு கணினிப் பயனரை இழிவுபடுத்த முடியுமா?

அடுத்தது பிட்லாக்கர் வகையைச் சேர்ந்த வட்டு மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டை விண்டோஸ் பூட்டிவைப்பது. இதில் கொதிப்பதற்கு என்னிடம் தனிக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தவுடனேயே வட்டு தானாக மறையாக்கம் செய்யப்படுகிறது. செக்யூர் பூட்டை அணைத்தாலோ பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத் திரை வந்து நிற்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்பார்கள். யாருடைய கணக்கில்? நம் ஊர்க் கடைகளில் லேப்டாப் வாங்கும்போது, கடைப் பையனே பெட்டியைப் பிரித்து, அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, கணக்கைத் தொடங்கி, "எல்லாம் ரெடி சார்" என்று கையில் கொடுத்துவிடுகிறார். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இணையமும் கணக்கும் இல்லாமல் அமைப்பை முடிக்க முடியாதபடி வைத்திருப்பதால் அவரும் வேறு என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியையின் மகளுடைய லேப்டாப்பில் நான் வேலையைத் தொடங்குவதற்கு முன் மீட்புச் சாவியை எடுத்துவைக்கலாம் என்று பார்த்தால், கணக்கு அந்தக் கடை உருவாக்கிய முகவரியில் இருந்தது. அதன் கடவுச்சொல் கடையில் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பெண்ணின் ஒரு பருவத்துப் பாடக் குறிப்புகளும் செயல்திட்டக் கோப்புகளும் அந்த வட்டில் இருந்தன. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்ற செய்தியே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு நகலெடுத்து, மறையாக்கத்தை முழுவதுமாக நீக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் பயாஸைத் தொட முடிந்தது. விவரம் தெரியாத ஒருவர் நேராகச் செக்யூர் பூட்டை அணைத்து வட்டையும் மாற்றி அமைத்திருந்தால், அந்தக் கோப்புகளை யார் மீட்டுத் தந்திருப்பார்கள்? வாங்கியவரின் கோப்புகளுக்கான சாவியை அவருக்கே தெரியாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க என் நா கூசுகிறது.

இவற்றையெல்லாம் கடந்து நிறுவி திறந்தாலும், சில இன்டெல் கணினிகளில் வட்டு ஒன்றுமே இல்லை என்று அது கைவிரித்துவிடும். ஆர்எஸ்டி என்ற இன்டெல்லின் சேமிப்பக முறையில் வட்டை அமைத்து அனுப்பியிருப்பதே காரணம். ஒற்றை எஸ்எஸ்டி உள்ள ஒரு மாணவரின் லேப்டாப்புக்கு அதனால் என்ன பயன் என்று எந்தத் தயாரிப்பாளரும் எனக்கு இதுவரை விளக்கியதில்லை. ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்கு வட்டு தெரியும். ஆனால் விண்டோஸை முன்கூட்டியே, குறைந்தபட்ச வசதிகளோடு தொடங்கும் சேஃப் மோடுக்குத் தயார் செய்யாமல் மாற்றினால் அது எழ மறுக்கும். பிறகு வை-ஃபை. மெல்லிய லேப்டாப்புகளில் இணையக் கம்பி செருகும் துளையையே எடுத்துவிட்டார்கள். செலவைக் குறைக்கிறோம் என்று, லினக்ஸுக்கு டிரைவர் எழுதித் தராத வை-ஃபை சில்லுகளை உள்ளே வைக்கிறார்கள். ஒரே மாடலின் பெயரில் ஒரு தொகுப்பில் இன்டெல் சில்லும் அடுத்த தொகுப்பில் வேறொன்றும் இருப்பதால், வாங்குவதற்கு முன் விசாரித்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழுவினர் தங்கள் கொள்கையையே வாக்கெடுப்புக்கு விட்டு, 2023-ல் வெளியான டெபியன் 12 முதல் வை-ஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான, மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர்களையும் நிறுவியிலேயே சேர்த்தார்கள். சம்பளமில்லாத தன்னார்வலர்கள் பயனருக்காக இவ்வளவு இறங்கி வருகிறார்கள். கணினி விற்றுப் பணம் பார்ப்பவர்களோ ஒரு விரற்கடைகூட நகர்வதில்லை.

வாரண்டி என்ற மிரட்டலைச் சொல்லாமல் விட முடியாது. கீல் உடைந்த ஒரு லேப்டாப்பைச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், "லினக்ஸ் போட்டிருக்கீங்களே, ஒரிஜினல் ஓஎஸ் போட்டுக் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இயங்குதளம் மாறியதால் கீல் உடையுமா என்று கேட்டால் பதில் கிடையாது. கம்பெனி விதி என்ற ஒற்றை வாசகம்தான். மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றை மட்டும் தன் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பவனிடம் எதைப் பேசுவது?

பயன்படுத்தப் போகாத விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கட்டுகிறோம். விண்டோஸ் வேண்டாம் என்று அதன் விலையைத் திரும்பக் கேட்ட ஒருவருக்கு அதைத் தராமல் இழுத்தடித்ததற்காக, இத்தாலியின் மோன்சா நகர நீதிமன்றம் 2020 டிசம்பரில் லெனோவோ நிறுவனத்தை 20,000 யூரோ கூடுதல் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அவர் கேட்டதோ 42 யூரோ. அந்த 42 யூரோவுக்காக அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதே இந்த வணிகத்தின் இலட்சணத்தைச் சொல்லும். நம் கடைகளில் முன்பெல்லாம் விண்டோஸ் இல்லாமல் டாஸ் என்ற எளிய இயங்குதளம் மட்டும் போட்ட லேப்டாப்புகள் சற்றுக் குறைந்த விலையில் எளிதாகக் கிடைத்தன. இப்போது சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால்கூட எல்லாம் விண்டோஸ் 11-தான் என்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கணினியைத் திறந்தவுடன் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் தோன்றும், மாணவர் தேர்ந்தெடுப்பார். லினக்ஸ் என்ற பெயரை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன் என்று சொல்கிற பலரை நான் சந்தித்திருக்கிறேன். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே லினக்ஸில் நடக்கிறது. இது யாருக்கும் எட்டாத வித்தை என்று எவரும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்தி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளையெல்லாம் குப்பையாக்கப் பார்த்தார்கள். அந்தப் பழைய கணினிகளில் லினக்ஸ் பெரும்பாலும் தடையில்லாமல் ஏறிக்கொள்கிறது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கச் சொல்லும் புதுக் கணினியில்தான் இத்தனை தடை.

நான் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. பென்டிரைவிலிருந்து தொடங்குவதற்கான விசையை அடி மூடியில் அச்சிடுங்கள். பூட் மெனுவை அணைக்காமல் அனுப்புங்கள். செக்யூர் பூட்டை அணைக்கவும், என் சொந்தச் சாவியைச் சேர்க்கவும் எல்லா மாடல்களிலும் வழிவிடுங்கள். என் அனுமதி இல்லாமல் வட்டை மறையாக்கம் செய்யாதீர்கள். செய்தால் மீட்புச் சாவியை என் கையில் தாளில் கொடுங்கள். விண்டோஸ் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு விலையைப் பெட்டியின்மேல் போடுங்கள். இயங்குதளத்தை மாற்றியதற்காக வன்பொருள் வாரண்டியை மறுக்கக் கூடாது என்று நம் நுகர்வோர் சட்டத்தில் வெளிப்படையாக ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அரசு தன் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும்போது இவற்றை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளாக வைத்தால், மறுத்துப் பேசும் துணிவு எந்தத் தயாரிப்பாளருக்கும் வராது.