400 கோடி டாலர் செலவாகும் என்றார்கள்

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியின் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும். குளிப்பாட்ட வாரத்துக்கு 1 மணி 45 நிமிடம், உடுத்திவிட இவ்வளவு, சமைக்க இவ்வளவு, படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்க இவ்வளவு என்று நிமிடக் கணக்கில் போட்டிருக்கும். பாட்டியைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகள். அந்தத் தாளில் உள்ள நேரத்துக்குத்தான் அரசு அவருக்குக் கூலி தரும். ஒரு நாள் குளியலுக்குக் கால் மணி நேரம் வருகிறது. மகள் முக்கால் மணி எடுத்துக்கொள்வார், பாட்டிக்கு வெந்நீர் பிடிக்கும் என்பதால்.

போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "மினிமம் வேஜை ஏத்து ஏத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. கடைக்காரன் விலையை ஏத்திச் சமாளிச்சுக்குவான். கலிஃபோர்னியா அரசாங்கம் எங்க போகும்? நம்ம வரிதானே?" கேக் வெட்டும் நேரம், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. அரசு ஊழியர் என்றதும் நமக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவர்களில் பெரும்பாலோர் குறைந்தபட்ச ஊதியத்துக்கு எப்போதோ மேலே போய்விட்டார்கள். ஆனால் அரசின் சம்பளப் பட்டியலில் நேரடியாகப் பெயர் இல்லாமல், அரசுப் பணத்தில் கூலி வாங்குபவர்கள் ஒரு பெருங்கூட்டம். வீட்டிலேயே முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் ஐ.எச்.எஸ்.எஸ். திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டியின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாள் இதனுடையதுதான். பயன்பெறுபவர்கள் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல். ஒரு பேச்சுக்கு, ஆளுக்கு மாதம் 100 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு டாலர் ஏற்றினால் வருடத்துக்கு 84 கோடி டாலர். அதில் ஏறத்தாழ பாதியை ஃபெடரல் அரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு தரும், மீதி மாநிலத்துக்கும் மாவட்டம் போன்ற கவுண்டிகளுக்கும். இதே கதைதான் ஏழைகளுக்கான மாநில மருத்துவ உதவித் திட்டமான மெடி-கால் பணத்தில் ஓடும் முதியோர் இல்லங்களிலும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களிலும்.

இது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்குத் தெரியாத கணக்கு இல்லை. 2016 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பொருளாதாரக் கணக்குப்படி இது சரியாக வராமல் போகலாம், ஆனால் அறத்தின்படி சரி என்கிற பொருளில் அன்று பேசவும் செய்தார். மனிதர் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. பொருளாதாரம் படுத்தாலோ பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலோ அடுத்த உயர்வை ஆளுநர் ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று சட்டத்திலேயே ஒரு கதவு வைத்திருந்தார்கள். கடைக்காரருக்காக மட்டும் வைத்த கதவு என்றால் பட்ஜெட்டைப் பற்றி அதில் எதற்குப் பேச்சு? கொரோனா வந்த 2020-ல் தள்ளிப்போட வழி இருந்தும் பிரவுனுக்கு அடுத்து ஆளுநரான கவின் நியூசம் தள்ளவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே நியூசம் 2023 அக்டோபரில் மருத்துவத் துறைத் தொழிலாளர்களுக்குப் படிப்படியாக மணிக்கு 25 டாலர் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். மருத்துவமனையில் தரை துடைப்பவர், துணி துவைப்பவர், சாப்பாட்டுத் தட்டு எடுத்துவருபவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான். பிறகு அவருடைய நிதித்துறையே முதல் வருடத்துக்கு 400 கோடி டாலர் செலவாகும், பாதி மாநிலத்தின் பொது நிதியிலிருந்து போகும் என்றது. அந்த நேரம் பட்ஜெட்டில் பெரும் பள்ளம். 2024 ஜூன் 1-ல் தொடங்க வேண்டியது ஜூலைக்குப் போனது, அப்புறம் அக்டோபர் 16-க்குப் போனது. கையெழுத்துப் போட்ட பேனாவின் மை காய்வதற்குள் காலண்டரைத் தேடினார்கள்.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அந்த 400 கோடியைக் கேட்டதும் எல்லாரும் 'அடேயப்பா' என்றார்கள். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. தன் வேலையைச் செய்பவர்களுக்கு இவ்வளவு நாள் எவ்வளவு குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை அரசே வாயால் சொன்ன தொகை அது. வீட்டுக்காரரிடம் சமையல்காரிக்கு மாதம் 2,000 ரூபாய் ஏற்றிக் கொடுக்கச் சொன்னால், "எனக்கு வருஷத்துக்கு 24,000 ரூபாய் நஷ்டம்" என்பாரே, அந்த மாதிரி. போன வருடம் வரை அந்த 24,000 யார் மடியில் இருந்தது என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.

சரி, கூலி ஏறினால் அரசுக்கு மிச்சமும் ஆகுமே என்பார்கள். ஆகும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2020-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. உணவு உதவியும் மெடிக்கெய்டு என்ற மருத்துவ உதவியும் வாங்கும், வேலை பார்க்கும் பெரியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் முழுநேர வேலைக்காரர்கள். கூலி உயர்ந்தால் இந்த உதவிகள் குறையும்தான். ஆனால் மிச்சம் யார் பைக்குப் போகிறது என்று பாருங்கள். கால்ஃபிரெஷ் உணவு உதவிப் பணம் இதுவரை முழுக்க ஃபெடரல் அரசுடையது. சம்பளத்தில் ஓய்வூதியத்துக்காகப் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டியும் அங்கேதான் போகிறது. இந்த வருமானத்தில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவுக்குக் கட்டும் வருமான வரி சொற்பம். செலவு சாக்ரமெண்டோவில் எழுதப்படுகிறது, மிச்சம் பெரும்பாலும் வாஷிங்டனில். மாநில நிதித்துறை அதிகாரி முகத்தைச் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைப் பார்க்க வேண்டுமா? இரண்டு அரசுகளுக்கும் வரி கட்டுவது நாம்தானே.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. சட்டத்தில் கூலியை ஏற்றிவிட்டு, பராமரிப்பு மையங்களுக்கு அரசு தரும் கட்டண விகிதத்தை அப்படியே விட்டுவிடுவது. ஒரு சின்ன மையத்தில் கணக்கு எழுதியவன் என்கிற முறையில் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சட்டப்படி கொடுத்துவிடுவோம். எட்டு வருடம் அங்கேயே இருந்து, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு எப்போது வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதே கூலி. அவருக்கும் ஏற்றிக் கொடுக்கப் பணம் இருக்காது. அந்த அம்மா ஒரு நாள் கணக்கறைக்கு வந்து இரண்டு சம்பளச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வித்தியாசம் 35 சென்ட். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார்.

இதையும் சேர்த்துத்தான் அரசு பட்ஜெட் போட வேண்டும், செலவு இன்னும் கூடும் என்றாலும். அடிமட்டத்தை மட்டும் தூக்கிவிட்டு அதற்கு மேல் இருப்பவர்களைப் பாராமல் விட்டால், குறைந்தபட்ச ஊதியம்தான் அதிகபட்சமும் ஆகிவிடும்.

2026 ஜனவரியில் மாநிலக் குறைந்தபட்சம் 16.50-லிருந்து 16.90 ஆனது. நாற்பது சென்ட். ஃபெடரல் கணக்கில் 2009-லிருந்து அசையாமல் 7.25-லேயே நிற்பதைப் பார்த்தால் இது ராஜயோகம்தான். நேற்றுப் படிக்கட்டில் பார்த்தபோது பாட்டியின் மகளிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். கையில் ஈரத்துண்டு இருந்தது. "வெந்நீர் ஆறிடும்" என்று உள்ளே போய்விட்டார்.