வந்தவர்களுக்கு வைக்க வெட்கப்பட்ட சாப்பாடு

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பெரியம்மாவின் மகனும் குடும்பமும் வந்திருந்தார்கள். அம்மா விடியவே எழும்பி வளவு மூலையில் நிற்கும் முருங்கையில் இலை ஒடித்து, கூனி இறால் போட்டுச் சுண்டல் வைத்திருந்தார். சிவப்பரிசிச் சோறு, விரால் மீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி என்று எல்லாம் பத்து மணிக்கே அடுப்படியில் தயார். பதினொரு மணிபோல என்ன நினைத்தாரோ, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கடைக்கு அனுப்பி ஃபிரைட் ரைஸும் பொரித்த கோழியும் இரண்டு பெரிய சோடாப் போத்தலும் எடுப்பித்தார்.

"என்னம்மா, இவ்வளவையும் சமைச்சு வச்சிட்டு?" என்று கேட்டேன்.

"சும்மா இரு புள்ள. அவ்வளவு தூரத்தில இருந்து வந்த ஆக்களுக்கு இலைகுழையையா வைக்கிற?"

சுண்டல் சட்டி மூடினபடியே கிடந்தது. இரவு நானும் அம்மாவும்தான் அதைச் சாப்பிட்டோம். முருங்கையிலையை இரவில் தின்னக் கூடாது என்று பெத்தா, அதாவது என் பாட்டி, சொல்லுவார். அன்றைக்கு வேறு வழியில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கிளினிக். சீனி வருத்தம் வந்து ஒன்பது வருடமாகிறது, பிறசரும் இருக்கிறது. வெறுவயிற்றுச் சீனி 198 என்று கொப்பியில் எழுதியிருந்தார்கள். அந்த டொக்டர் பிள்ளை பொறுமையான ஆள். ஒரு கடதாசியில் வட்டம் போட்டுக் காட்டினார்: அரைத் தட்டுக்கு மரக்கறியும் இலைக்கறியும், கால் தட்டுக்குத் தீட்டாத அரிசிச் சோறு, மற்றக் கால் தட்டுக்கு மீனோ பருப்போ. அம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைத்தது. வந்தவர்களுக்குக் காட்டாமல் மூடி வைத்த சட்டிகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனதுக்குள் கிடக்கிறது. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே படுவான்கரை வயல் வட்டைகள், கிழக்கே எழுவான்கரை மணலில் கத்தரியும் மிளகாயும் வெற்றிலையும், அதற்கங்கால் கடல். தெற்கே அம்பாறைப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளாமை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, இது இல்லாதவர்கள் சாப்பாடு என்று நாங்களே ஒரு பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெயர்தான் எங்களை வருத்தக்காரர் ஆக்குகிறது என்று நான் நம்புகிறேன்.

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990இல் சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி இருந்த நாட்களில் எங்களுக்கு முருங்கையிலையும் மரவள்ளிக் கிழங்கும்தான். உப்பும் புளியும் போட்டு அவித்த இலையை எங்கள் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, தான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். அதைச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முருங்கையிலை ருசி. கொடுத்த அவருக்கு அது அந்த நாட்களின் ஞாபகம். 2022 பொருளாதார நெருக்கடியிலும் அப்படித்தான். காஸ் இல்லை, மா விலை ஏறிப் போனது, ஊரெல்லாம் மரவள்ளி அவித்துத் தின்றார்கள். நிலைமை கொஞ்சம் தெளிந்ததும் முதல் வேலையாகப் பாணுக்குத் திரும்பினார்கள். கஷ்டத்தோடு ஒட்டிக்கொண்ட சாப்பாட்டை விட்டு ஓடத்தான் மனம் சொல்லும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் சரியில்லையே.

நாடு முழுவதும் 2018, 2019 காலத்தில் எடுத்த ஓர் ஆய்வில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருந்தது. நூறு பேர் இருக்கிற ஒரு கலியாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். அதில் இருபத்து மூன்று பேர். எங்கள் ஒழுங்கையில் எண்ணினால் அதற்குக் குறையாது.

சரி, இலைக்கு வருகிறேன். கிழமையில் இரண்டு நாள் காலையில் சந்தைப் பக்கம் ஓர் அக்கா வருவார். குறுமண்வெளித் துறையால் வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கமிருந்து வருகிற ஆள். ஈரச் சாக்கை விரித்து அதில் பிடி பிடியாக அடுக்கி வைத்திருப்பார்: பொன்னாங்காணி, வல்லாரை, தூதுவளை, குறிஞ்சா, சில நாள் முசுட்டை. பொன்னாங்காணியின் வேரில் வயல் சேறு அப்படியே இருக்கும். "இண்டைக்கு விடியப் பிடுங்கினது தங்கச்சி, கையால தொட்டுப் பார்" என்பார். தொட்டால் குளிர்ச்சி தெரியும். மூன்று பிடி 150 ரூபா. ஒன்றரை ரோல்ஸின் காசு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இரண்டு நேரத்துக்குப் போதும்.

இலை பிடுங்கின நேரத்திலிருந்து வாடத் தொடங்கும், சத்தும் இறங்கும். அதிலுள்ள விற்றமின் சீயும் போலேட்டும் வெயிலும் நாளும் பட்டால் முதலில் போகிறவை. அதனால் விடியப் பிடுங்கி மத்தியானம் சட்டிக்குள் போகிற இலைக்கு, இரண்டு நாள் லொறியில் கிடந்து வருகிற எதுவும் ஈடாகாது. கரட்டும் லீக்ஸும் நுவரெலியாவில் விளைந்து, தம்புள்ளைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வருகின்றன. கரட் கெட்டதென்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், பிள்ளைகளுக்குக் கொடுங்கள். களுதாவளைக் கத்தரிக்காய் பக்கத்தில் கிடக்க அதைத் தாண்டிப் போய் வாடின லீக்ஸ் வாங்குவதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

முருங்கையிலைச் சுண்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் அதை அவித்தே கெடுக்கிறார்கள். காம்பை இடது கையில் பிடித்து வலது கை விரலால் கீழ்நோக்கி உருவினால் இலை மட்டும் கையோடு வரும். பழுத்ததையும் ஈர்க்கையும் பொறுக்கி எறிந்துவிட்டு, கழுவி, நன்றாக வடிய விட வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள், வறுத்து மண் போகக் கழுவிய கூனி. எல்லாம் வதங்கின பிறகுதான் இலை. இலை போட்டால் மூடக் கூடாது, மூடினால் நிறம் கறுத்துக் கசந்துவிடும். ஐந்து நிமிடம் போதும். திருவின தேங்காய்ப்பூவைத் தூவி, இறக்கித்தான் தேசிக்காய் பிழிய வேண்டும். அந்தப் புளி ருசிக்கு மட்டும் இல்லை. இலையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள விற்றமின் சீ உதவும். கூனியை ஓட்டோடு முழுதாகத் தின்கிறோம், அதனால் அதிலிருந்து கல்சியமும் கிடைக்கிறது. பெத்தாவுக்கு இரும்பும் தெரியாது, கல்சியமும் தெரியாது. ஆனால் தேசிக்காய் இல்லாமல் அவர் சுண்டலை இறக்கினதில்லை.

அரிசிக் கதை இதைவிடக் கவலையானது. நெல் விளைகிற ஊர்க்காரர் நாங்கள். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கின பிறகு அம்பாறைப் பக்கம் நாட்டுக்கே சோறு போடுகிற இடமாகிவிட்டது. ஆனால் இன்றைக்கு வெட்டு மெசின் இறங்கின அன்றே ஈர நெல்லை அப்படியே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டின அரிசியை வாங்குகிற வெள்ளாமைக்காரர் எத்தனை பேர்? என் சொந்த மாமா அதில் ஒருவர். கடன், மெசின் கூலி, உரக் காசு, எல்லாம் களத்திலேயே கழுத்தைப் பிடிக்கும். ஆனாலும் சாப்பாட்டுக்கென்று இரண்டு மூடையை ஒதுக்கி, அவித்துக் காயவைத்து, ஊர் மில்லில் ஒரு தரம் மட்டும் குத்துவித்தால் என்ன? அரிசியின் நார்ச்சத்தும் பி வகை விற்றமின்களும் பெரும்பாலும் அந்தத் தவிட்டுப் படையில்தான் இருக்கின்றன. சிவப்பரிசியின் சிவப்பும் அங்கேதான். அதனால் கடையில் சிவப்பரிசி என்று வாங்கும்போது ஒரு பிடி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மணி முழுக்கச் சிவப்பாக இருந்தால் நல்லது. வெள்ளை மணியில் அங்கங்கே சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால், நீங்கள் காசு கொடுத்த தவிடு மில்லிலேயே நின்றுவிட்டது. நெல்லை அவித்தால் அந்தச் சத்தில் கொஞ்சம் மணிக்குள்ளே இறங்கும், அதனால் தீட்டின பச்சையரிசியை விடப் புழுங்கல் மேல்.

பாலைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மட்டக்களப்பு எருமைத் தயிர் என்றால் கொழும்பிலும் ஆட்கள் தேடி வாங்குவார்கள். எங்கள் பிள்ளைகள் காலையில் குடிப்பதோ கப்பலில் வருகிற பால்மா. மாடு வளர்க்கிறவர்களின் மேய்ச்சல் தரையே கேள்வியாகிக் கிடக்கிறது. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் அதற்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடினார்கள். ஊர்ச் சாப்பாடு நல்லது என்று முகநூலில் எழுதுகிற நாங்கள், அந்தச் சாப்பாடு எந்தத் தரையில் மேய்ந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வாவிக்கும் அதே கதை. கரையில் பொலித்தீனையும் கோழிக்கழிவையும் கொட்டிவிட்டு, இறாலும் நண்டும் முன்போல இல்லை என்றால் யாரிடம் கேட்பது?

இனி, எங்களூரில் விளைந்ததெல்லாம் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிவப்பரிசி என்றாலும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டால் சீனி ஏறும். கருவாட்டில் உப்பு அதிகம். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிறசர் உள்ளவர் கருவாட்டை வாசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்துக்கு மருந்தடித்த மறுநாளே காய் பறித்து விற்கிறவர்களும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். தெரிந்த தோட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்பதுதான் பக்கத்தில் விளைவதன் பெரிய நன்மை. முக்கியமாக, குறிஞ்சா தின்கிறேன், தூதுவளை தின்கிறேன் என்று குளிசையை நிறுத்தி விடாதீர்கள். அப்படி நிறுத்தி, காலில் வந்த புண் ஆறாமல் விரலை இழந்த ஒருவர் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருக்கிறார். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எந்த இலை, எந்தப் பழம் என்று டொக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப் பதிவு போட்டால் ஆண்கள் நிறையப் பேர் வந்து "அந்தக் காலத்துச் சாப்பாடு அந்தக் காலத்துச் சாப்பாடுதான்" என்று எழுதுவார்கள். நன்றி. அந்தக் காலத்தில் இலை உருவினது யார், கூனியில் கல் பொறுக்கினது யார், நெல் அவித்தது யார்? வேலைக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு வீடு வருகிற பெண்ணிடம் பொன்னாங்காணி ஆயச் சொல்லிவிட்டுத் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தால், அவள் நூடுல்ஸ் பைக்கற்றைத்தான் உடைப்பாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது இலை ஆய்வது என் கணவரும் மகனும். முதல் நாள் மகன் காம்பையும் சேர்த்தே போட்டுவிட்டான். இப்போது என்னை விடக் கெதியாக உருவுகிறான். பள்ளிக்கூடப் பெட்டிக்கும் அவித்த பயறோ கச்சானோ வற்றாளங்கிழங்கோ கொண்டுபோகிறான். முன்பள்ளியில் ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொன்று என்று கேட்டுப் பழக்கினார்கள், அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அம்மாவின் விசயம் மெதுவாகத்தான் நடக்கிறது. தட்டில் அரைப் பங்கு இலைக்கறி என்றால் "ஆட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறாய்" என்று சண்டை பிடிப்பார். இந்த மாதம் வெறுவயிற்றுச் சீனி 151. இன்னும் குறைய வேண்டும், குளிசையும் தொடர்ந்து போகிறது. மாலையில் வளவைச் சுற்றி அரைமணி நேரம் நடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமி வந்திருந்தபோது, நான் ஒன்றும் சொல்லாமலே சுண்டல் சட்டியை எடுத்துவந்து முன்னால் வைத்தார். "கூனி போட்டது, சாப்பிடுங்க மச்சாள்" என்றார். மாமி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

நேற்றுச் சந்தையில் அந்த அக்கா, அடுத்த முறை கானாந்தி இலை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் சின்ன வயதில் சாப்பிட்டதோடு சரி, எப்படிச் சமைப்பது என்று மறந்துவிட்டேன். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அதைச் சுண்டுவீர்களா, பால்விட்டு ஆணமாக வைப்பீர்களா? வாகரைப் பக்கம் ஒரு மாதிரி, திருக்கோவில் பக்கம் வேறு மாதிரி இருக்கும். வியாழக்கிழமைக்கு முன் எழுதினீர்கள் என்றால் உதவியாக இருக்கும், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.